செய்தி வந்த பிறகு பக்கத்தைக் கட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஊரில் இருக்கிறார். காலையில் உங்கள் பேப்பர், மதியத்துக்கு மேல் போனில் உங்கள் இணையதளம். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாபநாசம் அணை நீர்மட்டம் பற்றிய செய்தியைத் தொட்டார். மேலே பேப்பரின் பெயர் வந்தது, மெனு வந்தது, அடியில் காப்புரிமை வரிகூட வந்துவிட்டது, நடுவில் மட்டும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "நெட் இல்லம்மா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நெட் இருந்தது, ஒரு கோடுதான் என்றாலும் இருந்தது. கோளாறு உங்கள் பக்கத்தைக் கட்டுகிற விதத்தில். நான் பன்னிரண்டு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

அன்று ராத்திரியே லேப்டாப்பில் அந்தப் பக்கத்தின் சோர்ஸை, அதாவது சர்வர் அனுப்பிய மூல எழுத்தை, திறந்து பார்த்தேன். ரியாக்ட்டில் (வலைப்பக்கம் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) எழுதி, சர்வரிலேயே ரெண்டர் செய்து, அதாவது பக்கத்தை அங்கேயே கட்டி, அனுப்புகிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் "ஏற்றப்படுகிறது" என்ற ஒரே சொல். அதாவது செய்தி கைக்கு வருவதற்கு முன்பே சர்வர் பக்கத்தை முடித்து அனுப்பிவிடுகிறது, அப்புறம் அப்பாவின் போன் ஜாவாஸ்கிரிப்டை இறக்கி, ஓட்டி, மறுபடி உங்கள் சர்வரையே கூப்பிட்டு "செய்தி எங்கே" என்று கேட்கிறது. நாளைய முதல் பக்கத்தை, நடுப் பத்தியை வெள்ளையாக விட்டு அச்சுக்கு அனுப்புவீர்களா?

இது ஏன் நடக்கிறது என்று உங்கள் தொழில்நுட்பக் குழுவுக்குச் சொல்கிறேன். சர்வரில் பக்கத்தைக் கட்டித் தரும் ரியாக்ட்டின் ரெண்டர்டூஸ்ட்ரிங் எந்த டேட்டாவுக்காகவும் காத்திருக்காது, கூப்பிட்ட நேரத்தில் கையில் இருப்பதை வைத்து எச்டிஎம்எல் (பக்கம் எழுதப்படும் மொழி) எழுதிக் கொடுத்துவிடும். செய்தியைக் கொண்டுவரும் வேலையை யூஸ்எஃபெக்ட்டுக்குள் (பக்கம் வாசகர் திரைக்கு வந்த பிறகு ஓடும் பகுதி) வைத்தால் அது சர்வரில் ஓடவே ஓடாது. அதனால் வரிசையை மாற்ற வேண்டும். முகவரியைப் பார்த்தாலே எந்த ரூட் (செய்திப் பக்கமா, முகப்பா என்பது போல எந்த வகைப் பக்கம்) என்று சர்வருக்குத் தெரியும், செய்தி எண்ணும் அதிலேயே இருக்கிறது. அந்த ரூட்டுக்கு என்னென்ன டேட்டா வேண்டும் என்பதை ரூட்டோடு சேர்த்து எழுதிவையுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேளுங்கள் (செய்தி வந்த பிறகு நிருபர் விவரம், அது வந்த பிறகு தொடர்புடைய செய்திகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுக்காமல்), வந்து சேர்ந்த பிறகு ரெண்டர் செய்யுங்கள். இது புதுசும் இல்லை. ரியாக்ட்டோடு சேர்ந்து ஓடும் நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்ற கருவி 2016-இல் வந்தபோதே டேட்டாவை முதலில் கொண்டுவர கெட்இனிஷியல்பிராப்ஸ் என்ற வசதி இருந்தது, 2022-இல் ரியாக்ட் ரவுட்டர் என்ற இன்னொரு கருவியின் 6.4 பதிப்பிலும் அதே வேலைக்கு லோடர் வந்துவிட்டது.

சர்வர் காத்திருந்தால் தாமதமாகாதா என்பார்கள். சர்வரும் டேட்டாபேஸும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பவை, அங்கே சில மில்லிசெகண்டில் முடிகிற வேலையை ஒரு கோடு சிக்னலில் இருக்கும் போனுக்குத் தள்ளுகிறோம். தங்கம் விலை, வாசகர் கருத்து இதெல்லாம் பின்னால் வரட்டும், அவற்றுக்காகச் செய்தியை நிறுத்திவைக்க வேண்டாம்.

கொண்டுவந்த டேட்டாவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லையென்றால் போன் அதையே மறுபடி கேட்கும். அதை அப்படியே ஸ்கிரிப்டுக்குள் ஒட்டவும் கூடாது, கோணக்குறிகளை (< >) மாற்றி எழுதித்தான் வைக்க வேண்டும். கருத்துப் பெட்டியில் எவனாவது ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் அது வாசகர் போனில் ஓடும். இன்னொன்று, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: முன்பு வேலை பார்த்த இடத்தில் சர்வர் தொடங்கும்போது ஒரே ஒரு ஸ்டோரை (பக்கத்துக்கான டேட்டாவை வைத்திருக்கும் பெட்டி) உருவாக்கி எல்லா வாசகருக்கும் அதையே பயன்படுத்தியதில், ஒரு சந்தாதாரரின் பெயர் இன்னொருவர் திரையில் வந்துவிட்டது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஸ்டோர் வேண்டும். தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள்.

செய்தி எண்ணைத் தப்பாகப் போட்டும் பார்த்தேன். அதே வட்டம், சர்வரோ 200 என்று எல்லாம் சரியாக இருப்பதுபோல் பதில் சொல்கிறது. டேட்டாவை முதலில் தேடினால் செய்தி இல்லை என்பது முன்பே தெரியும், 404 என்று ஒழுங்காகச் சொல்லலாம். அப்பா அந்த அணைச் செய்தியை அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது தலைப்பும் படமும் வராமல் தளத்தின் பெயர் மட்டும் வந்ததற்கும் இதுதான் காரணம். வாட்ஸ்அப் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, எச்டிஎம்எல்லில் இருப்பதைத்தான் எடுக்கும். அத்தை அதைத் திறக்கவே இல்லை.

முழுத் தளத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. செய்திப் பக்கம் என்ற ஒரு ரூட்டை மட்டும் முதலில் மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் குழுவினர் என்னிடம் கேட்கலாம், காசு எதுவும் வேண்டாம். மாற்றியதும் ஒரு வரி தெரிவியுங்கள், அப்பா போனில் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
தென்காசி