கடைசி வண்டியை வைத்துப் பயணத்தை வகுத்துத் தாருங்கள்: நம் குழுவின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

நம் மோட்டார் சைக்கிள் குழுவின் மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

கொல்லிமலைப் பயணத்தில் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. உங்களில் பலர் அன்று உடன் வந்திருந்தீர்கள். அதன் பிறகு நிர்வாகத்தின் பெயரில் வந்த அறிவிப்பில், ஓர் உறுப்பினர் மலைச்சாலையில் தவறி விழுந்தார், இப்போது நலமாக இருக்கிறார் என்ற செய்தியோடு, புதியவர்கள் தங்கள் திறமையின் அளவை அறிந்து பயணங்களுக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்ற அறிவுரையும் இருந்தது. அந்த அறிவுரைதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. விழுந்தவரின் திறமையைப் பற்றிப் பேசிய அறிவிப்பு, அவர் விழுந்து அரைமணி நேரத்துக்கும் மேலாக நம்மில் ஒருவருக்குக்கூட அது தெரியாமல் போனது ஏன் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நாம் மலைமேல் உள்ள சோளக்காடு என்ற ஊரில் வண்டிகளை நிறுத்தித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். குழுப்படமும் எடுத்து முடித்திருந்தோம். கீழிருந்து ஏறி வந்த அரசுப் பேருந்தின் நடத்துநர் இறங்கி வந்து, "உங்க ஆளு ஒருத்தர் கீழ வளைவுல விழுந்து கிடக்கிறாருங்க" என்று சொன்ன பிறகுதான் நாம் தலைகளை எண்ணினோம். நாம் திரும்பி இறங்கிப் போவதற்குள், மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவர் அவர் காலின் மேல் கிடந்த வண்டியைத் தூக்கி, அவரை நிழலில் உட்கார வைத்திருந்தார். அந்த வளைவில் கைபேசிக்கு அலைவரிசை இல்லை. நம்மோடு கிளம்பி வந்த ஒருவரைக் காப்பாற்றியவர்கள், நம்மை அன்றுவரை பார்த்திராத இருவர்.

ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்தின் வேகத்தையும் ஓய்வையும் காத்திருப்பையும் கடைசி வண்டியை வைத்து வகுக்கும் விதிமுறை ஒன்றை எழுத்தில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பயணத்திலும் அனுபவமுள்ள ஒருவரை ஸ்வீப்பாக, அதாவது எல்லோருக்கும் பின்னால் கடைசியாக வந்து பார்த்துக்கொள்பவராக, பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் வந்து சேராமல், முன்னால் வழிநடத்திச் செல்லும் லீட் அடுத்த கட்டத்துக்குப் புறப்படக் கூடாது என்பதை மாற்றமுடியாத விதியாக்குங்கள்.

குழுவில் கடைசியாக வருபவரின் நிலை என்ன என்பதை, எப்போதும் முன்வரிசையில் செல்லும் உங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. லீட் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். ஓர் ஊர் வருகிறது, வேகத்தடை வருகிறது, அவர் வேகத்தைக் குறைக்கிறார், தடையைத் தாண்டியதும் மறுபடி 60க்குப் போய்விடுகிறார். ஆனால் அவர் வேகமெடுக்கும் நேரத்தில் பின்னால் இருப்பவர்கள் இன்னும் தடைக்கு முன்னால்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஓரிரு வினாடித் தாமதம் சேர்ந்து சேர்ந்து, கடைசி வண்டிக்கு வரும்போது முன்னால் யாரும் கண்ணில் தெரியமாட்டார்கள். இரண்டு கிலோமீட்டர் பின்தங்கிவிட்ட ஒருவர், 60 இல் போகும் குழுவை 80 இல் ஓட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் 6 நிமிடம் ஆகும், அதற்குள் அவர் 8 கிலோமீட்டர் அந்த வேகத்தில் போயிருப்பார். அதற்குள் இன்னோர் ஊர் வந்துவிடும். இப்படியாக, குழுவிலேயே அனுபவம் குறைந்தவரும், பெரும்பாலும் குதிரைத்திறன் குறைந்த வண்டியை வைத்திருப்பவருமான ஒருவர், நாள் முழுவதும் குழுவிலேயே அதிக வேகத்தில் ஓட்டும்படி ஆகிறது.

அதைவிடக் கொடுமையானது ஓய்வு. லீட் தேநீர்க் கடையில் நிறுத்துகிறார். முன்வரிசையினர் ஹெல்மெட்டைக் கழற்றி, முகம் கழுவி, தேநீர் குடித்து, கால் நீட்டி உட்காருகிறார்கள். கடைசி வண்டி வந்து சைடு ஸ்டாண்டைப் போடும்போது அவர்கள் கையுறையை மாட்டத் தொடங்கிவிடுகிறார்கள். "வந்துட்டீங்களா, சரி, கிளம்பலாம்" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். அவரும் எல்லோரையும் காக்க வைத்துவிட்டோமே என்ற கூச்சத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியில் ஏறிவிடுகிறார். விடிவதற்கு முன் சென்னையில் கிளம்பி, உளுந்தூர்பேட்டை, ஆத்தூர், சேலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து சேரும்போது நண்பகலைத் தாண்டியிருந்தது. நாம் மூன்று இடங்களில் ஓய்வெடுத்திருந்தோம். அன்று விழுந்தவரோ ஓரிடத்திலும் முழுதாக ஓய்வெடுத்திருக்கவில்லை. ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கே ஓய்வு மறுக்கப்பட்ட நிலையில்தான் அவர் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் ஏறத் தொடங்கினார். மணல் சிதறிக் கிடந்த வளைவில் முன்சக்கரம் சறுக்கியதற்கு அவருடைய திறமைக் குறைவு மட்டுமே காரணம் என்று நிர்வாகம் நம்பினால், அந்த நம்பிக்கையை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நியாயத்தின் பொருட்டு லீட்களின் சிரமத்தையும் இங்கே பதிய வேண்டும். அவர்கள் ஊதியமில்லாமல், தங்கள் விடுமுறை நாளைக் கொடுத்து இந்தப் பொறுப்பை ஏற்கிறார்கள். முன்னால் குழி வந்தால் காலால் காட்ட வேண்டும், திருப்பம் வந்தால் முன்கூட்டியே கைகாட்ட வேண்டும், குழுவிலேயே மிகச் சிறிய பெட்ரோல் டேங்க் யாருடையது என்று நினைவில் வைத்து பங்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இத்தனைக்கும் நடுவே கண்ணாடியில் பின்னால் பார்க்கவும் வேண்டும். ஒப்புக்கொண்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து வருபவர்கள், தேய்ந்த டயரோடும் தொங்கும் செயினோடும் வருபவர்கள், பாதி வழியில் பொறுமையிழந்து லீடையே முந்திப் போய்விடுபவர்கள் என எல்லோரையும் அவர் சமாளிக்கிறார். ஒருவரைப் பார்த்து "நீங்கள் இன்று வரவேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை நிர்வாகம் அவருக்குக் கொடுத்ததில்லை. பொறுப்பை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். ஏதேனும் நடந்துவிட்டால் விழுந்தவரின் வீட்டார் தொலைபேசியில் கூப்பிடுவதும் அவரைத்தான்.

குழுவின் அளவைப் பற்றியும் பேசியாக வேண்டும். அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை, ஒரு குழுவில் ஐந்து முதல் ஏழு வண்டிகள் இருப்பதே நல்லது என்றும், அதற்கு மேல் இருந்தால் தனித்தனி லீட், ஸ்வீப்போடு சிறு குழுக்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. நேர் முன்னால் செல்லும் வண்டிக்கு இரண்டு வினாடி இடைவெளி, குறுக்காக முன்னால் செல்லும் வண்டிக்கு ஒரு வினாடி இடைவெளி என்று, சாலையின் இடமும் வலமுமாக மாறி மாறிச் செல்லும் மாறுவரிசையை நீங்களே ஒவ்வொரு முறையும் எங்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள். அந்தக் கணக்கின்படியே பார்த்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. இருபது வண்டிகள் சரியான இடைவெளியில் போனால் வரிசை 300 மீட்டரைத் தாண்டிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் மாறுவரிசையும் கலைந்து ஒற்றை வரிசையாகத்தான் போக முடியும் என்பதால், அங்கே லீடின் கண்ணாடியில் ஓரிரண்டு வண்டிகளுக்கு மேல் தெரிய வாய்ப்பே இல்லை. அன்று நாம் இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகளில் ஒரே குழுவாகப் போனோம்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், "அவரவர் வேகத்தில் ஓட்டுங்கள், யாரையும் துரத்த வேண்டாம்" என்று சொல்கிறீர்கள். நல்ல வாக்குத்தான். ஆனால் பின்தங்கினாலும் வழி தவறமாட்டோம் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் தன் வேகத்தில் ஓட்டுவார். உளுந்தூர்பேட்டையில் சேலத்துக்குப் பிரிய வேண்டிய இடத்தில் யாரும் நிற்கவில்லை என்றால், முன்னால் போனவர்கள் கண்ணில் படாத ஒருவர் நேராகத் திருச்சி சாலையில் போய்விடுவார். அந்தப் பயம்தான் அவரைத் துரத்த வைக்கிறது. அதே உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகள் நெடுங்காலம் தடுப்பில்லாத இருவழியாகவே இருந்தன என்பதும், நான்கு வழிச் சாலை திடீரென்று சுருங்கும் அந்த இடங்களில் எத்தனை உயிர்கள் போயின என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படிப்பட்ட சாலையில், வரிசையைப் பிடிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு லாரிகளை முந்துபவரை நாம்தான் உருவாக்குகிறோம்.

இதற்கான வழி உலகெங்கும் பழகிப்போன எளிய வழி. திருப்பம் வரும்போது லீடுக்கு அடுத்து வரும் வண்டி பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நின்றுவிட வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் வழி காட்டிவிட்டு, ஸ்வீப் வந்து சேர்ந்த பிறகு அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த திருப்பத்தில் அப்போது லீடுக்குப் பின்னால் இருப்பவர் நிற்பார். இன்டர்காம் தேவையில்லை, அலைவரிசை தேவையில்லை, பணமும் தேவையில்லை. கடைசியில் வருபவர் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. அவர் விழுந்தால் அடுத்த நிமிடத்தில் ஸ்வீப் அவர் பக்கத்தில் இருப்பார். தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், தேர் நிலைக்கு வந்து சேர்வது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரின் கவனத்தால்தான். நம் குழுவில் வடம் பிடிக்க மட்டுமே ஆள் வைத்திருக்கிறோம்.

இந்த ஸ்வீப்பின் வேலையை, வண்டி மெதுவாகப் போகிறது என்பதற்காக யாரோ ஒருவர் தலையில் கட்டக் கூடாது. பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர், முதலுதவிப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர், வழியிலுள்ள மருத்துவமனைகளை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அது எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று கேட்டால், நம் குழுவில் பதில் சொல்லக்கூடியவர் அன்று யாரும் இல்லை.

இங்கே என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் வேறொரு வருத்தத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழுவின் சின்னம் அச்சிட்ட சட்டைக்கு எந்த நிறம் என்று முடிவு செய்ய மூன்று கூட்டங்கள் நடந்தன. பயணக் காணொளியில் எந்தப் பாடல் வர வேண்டும் என்று வாக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒளிப்பதிவுக்கென்று ஒருவரை நியமிக்கிறோம், அவர் முன்னால் போய் வளைவில் நின்று நாம் சாய்ந்து வருவதைப் படம் பிடிக்கிறார், கேமராவைக் கண்டதும் சிலர் தேவைக்கு மேல் சாய்கிறார்கள். மாற்றிய சைலன்சர்களின் ஓசையில் மலையூர்ப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்களில் ஒருவர்தான் அன்று நம் ஆளைத் தூக்கி உட்கார வைத்தார். படம் பிடிக்க ஆள் வைக்க முடிந்த குழுவுக்கு, பின்னால் வருபவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க முடியவில்லை என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் கோபத்தைக் காட்டுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. இந்தக் குழுவில்தான் நான் மலைப்பாதையில் இறங்கும்போது கீழ் கியரில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டேன். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சொல்லித் தந்ததும் நீங்கள்தான். தனியாகப் போயிருந்தால் பார்த்திருக்க முடியாத சாலைகளை உங்களோடு பார்த்திருக்கிறேன். அந்த நன்றியோடும் உரிமையோடும்தான் கேட்கிறேன்.

அடுத்த பயணம் வால்பாறைக்கு என்று அறிவித்திருக்கிறீர்கள். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், வழியில் வரையாடுகள் சாலைக்கே வந்து நிற்கும், இருட்டிய பிறகு யானை நடமாட்டம் இருக்கும். பின்தங்கிய ஒருவரைத் தேடி இரவில் திரும்பிப் போகக்கூடிய சாலை அதுவல்ல. ஆகவே பெயர்ப் பதிவைத் திறப்பதற்கு முன் இவற்றை எழுத்தில் உறுதி செய்து எல்லா உறுப்பினர்களுக்கும் அறிவிக்குமாறு வேண்டுகிறேன். ஏழு வண்டிகளுக்கு மேற்படாத சிறு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் லீட், ஸ்வீப் இருவரையும் பெயரிட்டு அறிவியுங்கள். திருப்பங்களில் ஆள் நிற்கும் முறையைக் கொண்டுவாருங்கள். ஓய்வு நேரம், லீட் வண்டியை நிறுத்தும்போது தொடங்காமல், கடைசி வண்டி ஸ்டாண்டைப் போடும்போது தொடங்கட்டும். தகுதியில்லாத நிலையில் வரும் வண்டியையோ ஆளையோ திருப்பி அனுப்பும் அதிகாரத்தை லீடுக்குக் கொடுத்து, அந்த முடிவின் பின்னால் நிர்வாகம் நில்லுங்கள்.

இவை அனைத்தும் ஒரே கோரிக்கைதான்: கடைசி வண்டியை வைத்துப் பயணத்தை வகுத்துத் தாருங்கள். அதோடு, கொல்லிமலை பற்றிய அறிவிப்பிலுள்ள புதியவர்களின் திறமை குறித்த வரியைத் திரும்பப் பெற்று, விழுந்த உறுப்பினரிடம் நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் நேரில் சென்று பேசவும் வேண்டுகிறேன். கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. குழுவைவிட்டு விலகிவிடலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். நிர்வாகத்தின் பதில் வரும்வரை பொறுத்திருக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஸ்வீப் பொறுப்புக்கு ஆள் கிடைப்பது கடினம் என்ற பதில் வரக்கூடும். வால்பாறைப் பயணத்துக்கு என் பெயரை அந்தப் பொறுப்புக்குப் பதிந்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த இன்னும் இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். விதிமுறையை எழுத உதவி வேண்டுமென்றால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
குழுவின் உறுப்பினர் ஒருவர்