அலிக்கு மிகக் கடினமான எதிராளி யார்? அக்கரைப்பற்று நண்பருக்கு ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உமது கடிதம் கிடைத்தது. நீரும் வீட்டாரும் சுகமாக இருப்பதையும், பெரும்போக விதைப்பு முடிந்து வயல் பச்சை பிடித்திருப்பதையும் அறிந்து மிக்க மகிழ்ச்சி. இங்கும் எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வாவி கரை தொட்டு நிற்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். உமது கடிதத்தின் பெரும்பகுதி குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியைப் பற்றியது என்பதால் நானும் நேராக அதற்கே வந்துவிடுகிறேன்.

அலியோடு மோதியவர்களில் ஜோ பிரேசியர் 2011 இலும், கென் நோர்ட்டன் 2013 இலும், ஜோர்ஜ் போர்மன் 2025 மார்ச்சிலும் காலமாகிவிட்டார்கள்; அலியும் 2016 இல் போய்விட்டார். இனி அந்தச் சண்டைகளைப் பற்றி அவர்கள் வாயால் புதிதாக எதுவும் கேட்க முடியாது. இருக்கும் ஒளிப்பதிவுகளை வைத்து நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும். அலியை மிகக் கடுமையாகச் சோதித்த எதிராளி ஜோ பிரேசியரே என்று எழுதி, அதற்கு அலியின் வாய்மொழியையே நீர் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர். லிஸ்டன் மிகவும் அச்சமூட்டியவர், போர்மன் மிகவும் பலசாலி, பட்டர்சன் மிகுந்த திறமைசாலி, ஆனால் எல்லோரிலும் முரடரும் கடினமானவரும் பிரேசியர்தான் என்று அலி சொல்லியிருப்பது உண்மை. அந்த வரிசையில் கென் நோர்ட்டனின் பெயரே இல்லை என்பதும் உண்மை. இருந்தும் என் தீர்ப்பு நோர்ட்டனுக்கே. அதற்கான காரணங்களை ஆறுதலாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியும்.

பிரேசியரின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. 1971 மார்ச் 8 ஆம் திகதி நியூயோர்க் மடிசன் ஸ்குயார் கார்டனில் தோல்வியே அறியாத இருவர் நேருக்கு நேர் நின்றார்கள். அலிக்கு 31 வெற்றிகள், பிரேசியருக்கு 26. இருவருக்கும் தலா 25 இலட்சம் டொலர் பேசப்பட்டிருந்தது. பதினைந்தாவது சுற்றில் பிரேசியரின் இடக்கை ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து, தாடையில் விழுந்ததும் அலி மல்லாந்து சரிந்த காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். அப்படி விழுந்த மனிதர் உடனேயே எழுந்து நின்றது அதைவிடப் பெரிய அதிசயம். தொழில்முறையில் அலி கண்ட முதல் தோல்வி அது. ஆனால் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக மூன்றரை ஆண்டுகள் மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த அலி, 1970 ஒக்டோபரில்தான் திரும்பி வந்திருந்தார் என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். கால்கள் பழைய வேகத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

அடுத்து மணிலாவில் இருவரும் மோதிய மூன்றாவது சண்டை. 1975 ஒக்டோபர் 1 ஆம் திகதி. அமெரிக்கர்கள் இரவில் பார்ப்பதற்காகச் சண்டையை அங்கே முற்பகலில் வைத்தார்கள். மண்டபத்துக்குள் வெக்கை தாங்க முடியாததாக இருந்தது. இங்கே நமக்குத் தொலைக்காட்சி ஏது? கொழும்பிலிருந்து இரவு அஞ்சல் புகையிரதத்தில் வந்த பத்திரிகையை நிலையத்திலேயே பிரித்து நின்றவாறே வாசித்தோம். பிரேசியரின் முகம் வீங்கி, கண்கள் இரு கோடுகளாகச் சுருங்கியிருந்த அந்தப் படத்தை நீர் சவர அலகால் வெட்டியெடுத்து, சோற்றுப் பசை தடவிக் கொப்பியில் ஒட்டி வைத்தீர். 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு அந்தக் கொப்பியும் போனது. பதினான்காவது சுற்று முடிந்ததும், பயிற்றுநர் எடி ஃபட்ச் பிரேசியரை எழவிடாமல் தடுத்துச் சண்டையை நிறுத்தினார். சாவுக்கு மிக அருகில் போய் வந்ததாக அலி சொன்னதை யாரும் மிகைப்படுத்தல் என்று கொள்ளவில்லை. உடல் பட்ட பாட்டை அளவுகோலாகக் கொண்டால், மச்சான், உமது தீர்ப்புக்கு மறுபேச்சே இல்லை.

ஆனால் ஓர் எதிராளி எவ்வளவு வலியைக் கொடுத்தார் என்பது வேறு, அவருடைய ஆட்டத்துக்கு விடை காண முடிந்ததா என்பது வேறு. பிரேசியருக்கு அலி விடை கண்டுபிடித்தார். 1974 ஜனவரியில் நடந்த இரண்டாவது சண்டையைப் பாரும். பிரேசியர் குனிந்து உள்ளே நுழையும்போதெல்லாம் அலி இடக்கையால் அவருடைய பிடரியைப் பற்றிக் கீழே அழுத்திக் கட்டிப்பிடிக்கிறார். ஹூக்குக்குத் தேவையான இடைவெளியே கிடைப்பதில்லை. அது அழகான ஆட்டமல்ல. நடுவர் கூடுதலாகக் கண்டித்திருக்க வேண்டும் என்ற உமது கோபத்திலும் நியாயம் உண்டு. இருந்தாலும் பன்னிரண்டு சுற்று முடிவில் மூன்று நடுவர்களும் அலிக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். மணிலாவில் அவ்வளவு துன்பத்துக்குள்ளும் எதிராளியைத் தொடர முடியாத நிலைக்குக் கொண்டுவந்தவர் அலிதான்.

நோர்ட்டன் விடயத்தில் அப்படி ஒரு விடை வரவேயில்லை. 1973 மார்ச் 31 ஆம் திகதி சான் டியாகோவில் முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரரான நோர்ட்டன் அலியின் தாடை எலும்பை உடைத்து, பன்னிரண்டு சுற்றுகளின் முடிவில் நடுவர்கள் ஒருமனப்படாத பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார். எந்தச் சுற்றில் எலும்பு முறிந்தது என்பதில் இரு தரப்பும் வெவ்வேறு கதை சொல்லின. என்னைப் பொறுத்தவரை, அந்த முறிவைவிட முக்கியமானது அன்று நோர்ட்டன் ஆடிய முறை. அதன் பின்னால் இருந்தவரும் அதே எடி ஃபட்ச்தான். 1971 இல் பிரேசியரின் குழுவில் யாங்க் டர்ஹமுக்குத் துணையாக இருந்தவர், 1973 இல் பயிற்றுநராக நோர்ட்டனின் மூலையில் நின்றார். அலியை முதலில் வென்ற இருவருக்கும் பின்னால் ஒரே மூளை வேலை செய்தது என்பதை நம்மவர் விவாதங்களில் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

ஃபட்ச் கண்டுபிடித்தது இதுதான். அலி தம் இடக்கையால் நேர்க்குத்து விடும்போது, எதிராளியின் குத்தைத் தடுக்க வேண்டிய வலக்கை உரிய இடத்தில் இருப்பதில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து வேகத்தாலேயே தப்பிவிடுவது அவருடைய பழக்கம். எனவே அவர் குத்தும் அதே கணத்தில் நீயும் இடக்கையால் குத்து, அதன்பின் முன்னேறிக் கயிற்றுப் பக்கம் தள்ளு என்று நோர்ட்டனுக்குக் கற்பித்தார். நோர்ட்டனின் வலக்கை தாடையருகே விரிந்து நின்று அலியின் நேர்க்குத்தைப் பிடித்துக்கொள்ளும்; கைகளைக் குறுக்காக வைத்த காப்பு, இழுத்து இழுத்து வரும் பின்கால், எப்போது வரும் என்று கணிக்க முடியாத தாளம். அலியின் ஆட்டம் முழுவதும் அந்த நேர்க்குத்தின் மேல் கட்டப்பட்டது. தூரத்தை அளப்பதும், எதிராளியை நிறுத்துவதும், வலக்கைக்கு வழி திறப்பதும் அதுதான். அதையே முடக்கிவிட்டால் மிகுதியாக என்ன இருக்கும்?

உமது வாப்பா நம்மூர்த் தற்காப்புக் கலையான சீனடி பழக்கும்போது சொன்னது நினைவிருக்கிறதா? எதிரியின் கம்பு புறப்படும் நேரம்தான் அவன் உடல் திறக்கும் நேரம், அடி முடிந்தபின் வீசுகிறவன் காற்றைத்தான் அடிப்பான் என்று அவர் நமக்கு மணலில் காலடி வைத்துக் காட்டுவார். ஃபட்ச் நோர்ட்டனுக்குச் சொன்னதும் அதே கணக்குத்தான். அமெரிக்க மேடையில் ஒருவர் கண்டதை அக்கரைப்பற்று அண்ணாவியார் ஒருவரும் கண்டிருந்தார் என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

முதற் சண்டைக்கு அலி சரியாகப் பயிற்சி செய்யாமல் வந்தார் என்று நீர் எழுதியிருப்பது சரியே. அன்று அவருடைய எடை 221 இறாத்தல். அப்படியானால் அதே ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் திகதி இங்கிள்வூட்டில் நடந்த இரண்டாவது சண்டைக்கு என்ன சொல்வீர்? கடுமையாக உழைத்து 212 இறாத்தலுக்கு இறங்கி வந்தார். தொடக்கச் சுற்றுகளில் இளமைக் காலம்போல் கால்களில் ஆடினார். அப்படியிருந்தும் நடுச்சுற்றுகளில் நோர்ட்டன் அவரைப் பிடித்துவிட்டார். பன்னிரண்டாவது சுற்றில் அலி அடித்த அடிகள்தான் அவரைக் காப்பாற்றின. தீர்ப்பும் பிளவுபட்டதாகவே வந்தது. 1976 செப்டெம்பர் 28 ஆம் திகதி யாங்கி மைதானத்தில் மூன்றாவது சண்டை. இரு நடுவர்கள் எட்டுச் சுற்றுக்கு ஏழு என்றும், மேடை நடுவர் எட்டுக்கு ஆறு, ஒரு சுற்று சமம் என்றும் அலிக்குக் கொடுத்தார்கள். முன்னால் இருப்பதாக எண்ணி நோர்ட்டன் கடைசிச் சுற்றில் அடக்கி வாசித்தார். அதற்கான விலையைக் கொடுத்தார். கண்ணீரோடு மேடையை விட்டு இறங்கிய அந்த மனிதருக்காக இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மொத்தம் 39 சுற்றுகள். ஒருவரை ஒருவர் ஒரு முறைகூடக் கீழே விழுத்தவில்லை. அலி எந்த முறையில் வந்தாலும் நோர்ட்டன் அவருக்குச் சரிசமமாக நின்றார்.

உமது வலுவான கேள்விக்கு வருகிறேன். 1974 மார்ச்சில் கராகஸில் போர்மன் இரண்டே சுற்றில் நோர்ட்டனைச் சாய்த்தார். அந்தப் போர்மனை அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி கின்ஷாசாவில் அலி எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். பிறகு நோர்ட்டன் எப்படிக் கடினமானவர் ஆவார் என்கிறீர். அதே அளவுகோலைப் பிரேசியருக்கும் வைத்துப் பாரும். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் அவரைப் போர்மன் இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை விழுத்தினார். குத்துச்சண்டையில் ஒருவரை வென்றவரை வென்றவர் என்று படி ஏற முடியாது. நோர்ட்டன் முன்னேறி வரும்வரை மலை. பின்னுக்குத் தள்ளினால் நிலை குலைந்துவிடுவார். போர்மனும், 1979 இல் ஏர்ணி ஷேவர்ஸும், 1981 இல் ஜெரி கூனியும் அவரைப் பின்னுக்குத் தள்ளும் பலம் உடையவர்கள். அலி அப்படித் தள்ளி ஆடுகிறவர் அல்லர். அதனால்தான் உலகுக்கு இரண்டாம் இடத்து ஆளாகத் தெரிந்த நோர்ட்டன், அலி ஒருவருக்கு மட்டும் முதலாம் இடத்துத் தொல்லையாக இருந்தார்.

லிஸ்டனைப் பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை. 1964 இல் மயாமியில் ஏழாவது சுற்றுக்கு எழாமலே இருக்கையில் இருந்துவிட்டார். அலிக்கு அன்று 22 வயது. அந்த வேகத்தை யார்தான் பிடித்திருப்பார்கள்? லரி ஹோம்ஸிடம் 1980 இல் தோற்ற அலியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். பத்துச் சுற்று அடி வாங்கி முடிந்த அந்தச் சண்டையை நடத்த அனுமதித்திருக்கவே கூடாது; அதைப் பார்க்க இன்றும் எனக்கு மனம் வராது.

உமக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாவது நோர்ட்டன் சண்டையை உமது பேரனின் கணினியில் போடச் சொல்லி, வர்ணனையின் ஒலியை நிறுத்திவிட்டு, சுற்றுக்குச் சுற்று தாளில் புள்ளியிட்டுக்கொண்டு பாரும். வர்ணனையாளர் பேச்சு காதில் விழுந்தால் அலியின் ஒவ்வோர் அசைவும் குத்தாகத் தெரியும். நோர்ட்டனின் இடக்கை அலியின் விலாவில் விழுவதையும், அலியின் குத்துகளில் பல நோர்ட்டனின் கையுறைமேல் முடிவதையும் எண்ணிப் பாரும். நான் எட்டுக்கு ஏழு என்று நோர்ட்டனுக்குக் கொடுத்தேன்; ஐந்தாவது சுற்றிலும் பதினோராவது சுற்றிலும் எனக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. அந்த இரண்டு சுற்றையும் நீர் யாருக்குக் கொடுக்கிறீர் என்பதை அடுத்த கடிதத்தில் காரணத்தோடு எழுதும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உமது அன்பு நண்பன்.