செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மரக் கிட்டுகளும் பூச்சு வேலையும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிக்கப் போகிறார், அதனால் நான் அதற்குள் போகவில்லை. கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன, மழைக்காலத்தில் மட்டும் வருகை குறைவு. புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் அதிகம், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மற்றபடி இந்த அறிக்கை பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். லேசரில் வெட்டிய பாகங்களாக வரும் மரக் கிட்டை, அதாவது வீடு, மண்டபம் போன்ற மாதிரிகள் செய்யும் தொகுப்பைக் கோர்த்து முடித்ததும் அப்படியே அலமாரியில் வைத்துவிடாமல், அதைக் கருங்கல்லாக, பளிங்காக, செம்பாக, தேக்காகக் காட்டும் பூச்சு வேலையை ஓர் ஆண்டு முழுக்கப் பழகுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோமே, அது.

முதல் கூட்டத்திலேயே மூத்த உறுப்பினர் ஒருவர், "மரம் மரமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, அதுக்கு எதுக்கு வேஷம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல பிளைவுட் கிட் என்றால் மெழுகு தேய்த்து விட்டுவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நம் கைக்கு வருவது பெரும்பாலும் எம்.டி.எஃப். மர நாரைப் பசை போட்டு அழுத்திய பலகை, அதில் மரத்தின் ரேகையே கிடையாது. அப்புறம், வேஷம் என்பதும் நாம் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீட்டின் வெளிச்சுவர் பைன் பலகைதான். பலகையின் ஓரங்களைச் சரிவாகச் சீவி, கல் அடுக்கியது போலப் பொருத்தி, பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் மணலை வீசி அடித்தார்கள். மணல் பலகைக்குக் காப்பு, பார்வைக்குக் கல், இந்த இரண்டுக்காகத்தான் என்று அவரே 1799-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரையில் 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. அந்தப் பெரிய தூண்களுக்குள் இருப்பது செங்கல், மேலே முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணச் சாந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தது இந்த ஆண்டின் உருப்படியான காரியங்களில் ஒன்று. வெயில் விழும் பக்கம் தூண் ஒரு வெள்ளை, நிழல் பக்கம் வேறு வெள்ளை, கீழே ஆள் நடமாட்டம் உள்ள உயரத்தில் மங்கின வெள்ளை. அடுத்த கூட்டத்துக்கு வந்த மாதிரிகள் எதிலும் டப்பாவைத் திறந்து அப்படியே அடித்த வெள்ளை இல்லை.

பயிற்சி வகுப்புகளில் அதிக நேரம் போனது நிறத்துக்கு முந்தைய வேலையில்தான், அது அப்படித்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எம்.டி.எஃப் பலகையின் முகம் பெயின்ட்டைத் தாங்கும், வெட்டு விளிம்போ உறிஞ்சித் தள்ளிவிடும், லேசர் சுட்ட கறுப்பும் மேலே தெரியும். அவலரக்கை (செதில்களாகக் கிடைக்கும் அரக்கு, ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து விளிம்புக்கு மட்டும் இரண்டு மூன்று முறை கொடுத்து, காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் விளிம்பும் முகமும் ஒன்றாகிவிடும். அதன் பிறகுதான் பிரைமர் என்கிற அடிப்பூச்சு. ஐப்பசி மழையில் நடந்த வகுப்பில் பூசிய அரக்கு எல்லாருக்கும் பால் போல வெளுத்துவிட்டது. காற்றில் இருந்த ஈரம்தான் காரணம். மறுவாரம் வெயில் வந்ததும் ஸ்பிரிட் நனைத்த பிரஷ்ஷால் ஒரு முறை தடவினோம், தெளிந்துவிட்டது. இன்னொன்று, 3 மி.மீ. பலகையின் காடிகள், அதாவது பாகங்கள் பூட்டும் பள்ளங்கள், சரியான அளவில் வெட்டப்பட்டவை. அதில் நுழையும் நாக்குக்கும் காடிக்கும் டேப் ஒட்டாமல் பெயின்ட் அடித்தால் பிறகு ஒன்றும் பூட்டாது. பல்சக்கரம் சுழலும் கிட்டுகளில் பற்களுக்குப் பெயின்ட்டே வேண்டாம், மெழுகு போதும்.

பளிங்கில் எல்லோரும் தடுக்குவது ரேகையில். மெல்லிய பிரஷ்ஷைப் பேனா மாதிரி இறுக்கிப் பிடித்தால் அது வரைபடத்து ஆறு போலத்தான் வரும். கைப்பிடியின் நுனியில் தளர்வாகப் பிடித்து, உருட்டிக்கொண்டே இழுக்க வேண்டும், கோழி இறகு இருந்தால் இன்னும் நல்லது. ரேகைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாய்வில் ஓட வேண்டும், அங்கங்கே கிளை பிரியலாம், ஈரம் காயும் முன் காய்ந்த மென்பிரஷ்ஷால் ஒரு பக்கத்தை மட்டும் கலைத்துவிட வேண்டும். பக்கத்துக் கல்லுக்கு அதே ரேகையை நீட்டினால் அது தனிக் கல் என்றே தோன்றாது.

கருங்கல்லுக்குப் பல்துலக்கும் பிரஷ்ஷால் புள்ளி தெறிக்கிறோம், சரி. ஆனால் 1:100 அளவில், அதாவது நூறில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில், கல்லின் பரல் கண்ணுக்கே தெரியாது! அங்கே புள்ளி தெறித்தால் மண்டபம் முழுக்க அம்மை போட்டது போல் ஆகிவிடுகிறது. சிறிய அளவுக்குக் கல்லுக்குக் கல் நிறம் சற்று மாற்றினாலே போதும். கலசத்துக்குக் களிம்பு (செம்பில் படியும் பச்சை) ஏற்றும்போதும் இதே நிதானம் வேண்டும். செம்பு நிறம், மேலே நீர்த்த அடர்பழுப்பு, அப்புறம் மழைநீர் தங்கும் மடிப்பிலும் வழியும் தடத்திலும் மட்டும் நீலப்பச்சை, புடைத்த இடத்தில் துணியால் துடைத்துவிட வேண்டும்.

நவராத்திரிக்கு நடத்திய கண்காட்சியில் என் கண்ணை நிறுத்தியது ஒரு சிறிய செட்டிநாட்டு வீடு. உள்ளே சிவப்புக் காவித் தரை, சுற்றிக் கறுப்புக் கரை, வாசல் நிலையிலிருந்து முற்றம் வரை ஆள் நடக்கும் தடம் மட்டும் கூடுதல் பளபளப்பு. அந்தத் தடத்துக்கு மட்டும் வார்னிஷ் இன்னொரு கோட் கொடுத்திருக்கிறார், வேறு வித்தை ஒன்றும் இல்லை. செய்தவர் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகாத உறுப்பினர். தன் பாட்டி வீட்டுத் தரையை நினைவில் வைத்துச் செய்தேன் என்றார்.

அடுத்த ஆண்டுக்கு என் முன்மொழிவு ஒன்றே ஒன்று. கிட் ஷீட்டில் பாகங்களைக் கழற்றியபின் மிஞ்சும் சட்டங்களைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பூச்சையும் முதலில் அதில் செய்து பார்த்து, பின்பக்கம் நிறம், விகிதம், எத்தனை கோட் என்று எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். இங்கிலாந்தில் தாமஸ் கெர்ஷா என்ற பெயின்டர் 1851 லண்டன் கண்காட்சிக்கு, பளிங்கு போலவும் மரம் போலவும் தீட்டிய பலகைகளைக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கினார். அவர் தீட்டிய பலகைகளை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். நம் மாதிரிப் பலகைகளுக்கு ஓர் அலமாரி வாங்கச் செயற்குழு சம்மதித்துவிட்டது, பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

வகுப்புகளுக்கு வீட்டு மாடியைத் தந்த உறுப்பினருக்கும், கண்காட்சி நாட்களில் பந்தலிலேயே இருந்த இளைஞர்களுக்கும் நன்றி. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பலகையோடு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்