அச்சிட்டவர்களையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதிப்புலக மோசடிகளைப் பற்றிய பாட்காஸ்ட் ஒன்றை விடாமல் கேட்டு வருகிறேன். தொகுப்பாளர்கள் சிரித்துப் பேசியே பாதி நேரத்தைக் கடத்துகிறார்கள் என்று பல நேயர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஏமாற்றிய எழுத்தாளரையே பிடித்துக்கொண்டு, அச்சிட்டு விற்றவர்களை லேசாக விட்டுவிடுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

1983இல் மேற்கு ஜெர்மனியின் ஸ்டெர்ன் பத்திரிகை ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று வெளியிட்டதே, அவற்றைப் போலியாக எழுதிய கோன்ராட் குயாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், சரி. ஆனால் 90 லட்சம் மார்க்குக்கு மேல் கொட்டிக் கொடுத்துவிட்டு, ரகசியம் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் முழுச் சோதனைக்கும் விடாமல், கையெழுத்தை ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே குயாவின் போலிகள் கலந்திருந்ததைக்கூடக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பியது யார்? இரண்டே வாரத்தில் அரசு ஆவணக் காப்பகம் தாளைச் சோதித்து, அது போருக்குப் பிந்தையது என்று சொல்லிவிட்டது.

அப்புறம், 2006இல் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரேயின் நினைவுக் குறிப்புகளில் கற்பனை கலந்திருந்தது தெரிந்ததும், வாங்கியவர்களுக்குப் பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அதைப் பற்றி ஒரு முழுப் பகுதியே போடலாமே. நம்பிக் காசு கொடுப்பது வாசகர்களாகிய நாங்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்