கோடை முகாமுக்கு இன்னும் 1,11,500 ரூபாய் வேண்டும்: ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், வளைகுடாவிலும் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்கும் கோடை முகாம் கமிட்டியின் வணக்கம். இறைவன் கிருபையால் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். மே 5 முதல் 14 வரை நம் வாசகசாலை வளாகத்தில் 8 முதல் 14 வயது வரையுள்ள 60 பிள்ளைகளுக்குப் பகல்நேர முகாம் நடக்க வேண்டும். மொத்தச் செலவு 2,50,000 ரூபாய். இன்று வரை சேர்ந்தது 1,38,500. மீதி 1,11,500 ரூபாய் ஏப்ரல் 25-க்குள் கைக்கு வர வேண்டும். வாசகசாலைத் திண்ணைக்குச் சரிவுப்பாதை கட்ட அன்றைக்குக் கான்கிரீட் போட்டால்தான் மே 5-க்குள் சக்கர நாற்காலி ஏறுகிற அளவுக்கு இறுகும். வேன்காரர்களும் அதே தேதியில் முன்பணம் கேட்கிறார்கள்.

முகாம் என்றதும் டியூஷன் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே பாடப்புத்தகம் திறக்கப்படாது, ரேங்க் கிடையாது, பரிசுக் கோப்பையும் கிடையாது. பிள்ளைகள் காய் நறுக்குவார்கள், பாத்திரம் கழுவுவார்கள், கையில் 200 ரூபாயோடு சந்தைக்குப் போய் விலை பேசி வாங்கி வந்து கணக்கு எழுதுவார்கள். அஞ்சலகத்தில் படிவம் நிரப்புவார்கள். டவுன் பஸ்ஸில் ஏறித் தக்கலை வரை போய் வருவார்கள். பெரியவர் ஒருவர் பின் சீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். (2021 முதல் பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. ஆகவே பையன்களுக்குத்தான் சில்லறை தேட வேண்டியிருக்கிறது.) சண்டை வந்தால் அவர்களே கூடி உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சென்ற கோடையில் ஒரு பாட்டி, “எனக்க பேத்தி கைய வெட்டிக்கிடுவாளே” என்று மூன்று நாள் வாசலிலேயே நின்றார். நான்காம் நாள் அந்தப் பேத்தி நறுக்கிய அவியல் காயைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு குறைவு என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

படிப்பில் நமக்கு ஒரு குறையும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம் கன்னியாகுமரிதான். ஆனால் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை கடைக்குப் போய் ஒரு பொருள் கேட்கத் தயங்குகிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் ஓடுகிறது. இது பிள்ளையின் குற்றமா? செருப்பு வார் போடுவதிலிருந்து கல்லூரி தேர்ந்தெடுப்பது வரை எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டு, பிறகு தைரியம் இல்லை என்கிறோம்.

முகாமின் இன்னொரு பாதி, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இருப்பது. இதைச் சொல்லும்போது பெரியவர்கள் பழைய கதையைச் சேர்க்கச் சொன்னார்கள். சொல்ல வேண்டிய கதைதான். 1806 இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு சபையோடு பள்ளிக்கூடமும் வந்தது. 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் அடிமைத்தனத்தையே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் முத்திரிக்கிணற்றில் எந்தச் சாதியாரும் நீர் இறைக்கலாம், குளிக்கலாம் என்றார்; எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வைத்தார். தோள்சீலைக்காக நம் பாட்டிமார் பல ஆண்டுகள் அடிபட்டு, 1859 இல் மாரை மறைக்கும் உரிமையை வாங்கினார்கள். 1936 இல் திருவிதாங்கூர் அரசின் கோயில் நுழைவுப் பிரகடனம். 1956 நவம்பர் 1 இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். இந்தப் பத்தியை இன்னும் நீட்டச் சொல்கிறார்கள், இடமில்லை.

அந்தப் பெருமையோடு ஒரு வலியும் நமக்கு உண்டு. 1982 இல் மண்டைக்காட்டில் தொடங்கிய மதக் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கமிட்டியிலேயே இருக்கிறார்கள். கடற்கரைப் பிள்ளைகளையும் மேட்டுப் பகுதிப் பிள்ளைகளையும் ஒரே குழுவில் போடுவது ஏன் என்று கேட்பவர்கள் அவர்களிடம் கேளுங்கள். முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்துப் பிள்ளைகளும் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததில்லை. முகாமில் கிளித்தட்டு ஆடும்போது எந்தக் கோயில், எந்தப் பள்ளிவாசல், எந்தக் குருசடி என்று யாரும் கேட்பதில்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் ஒருநாள் சேர்ந்து போவார்கள்.

இனிச் சரிவுப்பாதை. இந்த 60 பேரில் 9 பேர் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள். இருவர் சக்கர நாற்காலியில் வருகிறார்கள். மூவருக்குக் காது கேட்காது. வாசகசாலைத் திண்ணை இரண்டரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சரிவு இருந்தால்தான் பிள்ளை தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏற முடியும். அப்படியானால் 30 அடி நீளம், நடுவில் ஒரு திருப்பம், இரண்டு பக்கமும் கைப்பிடி. பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். அப்படி வைத்தால் பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும். தானாக ஏறுவதுதானே இங்கே விஷயம்?

செலவுக் கணக்கு இதோ. சரிவுப்பாதையும் கழிப்பறைக் கதவை அகலப்படுத்திக் கைப்பிடி வைப்பதும் சேர்த்து 48,000. சாப்பாடு, பிள்ளைகளும் பெரியவர்களுமாக 72 பேருக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 90 வீதம் பத்து நாளுக்கு 64,800. இரண்டு வேன் 44,000. சிறப்பு ஆசிரியருக்கு 15,000, சைகை மொழி பெயர்ப்பவருக்கு 15,000, தொண்டர்கள் ஆறு பேருக்கு நாள்படி 18,000. பந்தல், மின்விசிறி வாடகை 16,000. தாள், வண்ணம், களிமண், விளையாட்டுச் சாமான் 14,200. ஒருநாள் பயணம் 9,000. முதலுதவி, காப்பீடு 6,000. சரிவுப்பாதை ஊருக்கு நிலைத்து நிற்கும். அதை நீக்கிப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 340 ரூபாய். ஒரு பிள்ளையின் பத்து நாளையும் ஏற்றுக்கொள்ள நினைப்பவர்கள் 3,400 ரூபாய் தரலாம். மாலை வேளையில் ஓட்டலில் ஒரு குடும்பம் சாப்பிட்டு எழுந்தால் எவ்வளவு ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே சொல்கிறோம். மஸ்கட்டில் லாரி ஓட்டும் தம்பி, சம்பளம் பிந்திய மாதத்திலும் சொன்ன தொகையை அனுப்பினார். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்யும் பெண்கள் வாரக் கூலியில் ஆளுக்கு 20 ரூபாய் எடுத்து வைத்து, முடிச்சோடு கொண்டு வந்து தந்தார்கள். எண்ணும்போது எங்கள் பொருளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் விற்கும் அம்மா ஒருவர் பணம் தராமல், கடைசி நாள் சாப்பாட்டுக்கு மீன் தன் பொறுப்பு என்றார், அதுவும் காசுதான். ரப்பர் வெட்டும் தம்பதி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, பள்ளிவாசல் இளைஞர்கள், சபைப் பெண்கள் சங்கம், கோயில் நிர்வாகத்தார், சில மின்விசிறிகளை இரவல் தந்த கல்யாண மண்டபக்காரர், சென்ற ஆண்டு முகாமுக்கு வந்து இந்த ஆண்டு உண்டியலை உடைத்து 412 ரூபாய் கொண்டு வந்த சிறுமி, உங்கள் எல்லாருக்கும் ஆண்டவர் நூறு மடங்காகத் திருப்பித் தரட்டும்.

பெற்றோருக்கும் மூன்று மாலைக் கூட்டங்கள் உண்டு. வருவது கட்டாயம். தாய்மார் மட்டும் வந்து அப்பாக்கள் டீக்கடையில் நிற்கிற வழக்கம் இந்த முறை செல்லாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் வரலாம். அதட்டாமல் எல்லை வகுப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் பேசுவது, மார்க்கைப் பாராட்டுவதைவிட உழைப்பைப் பாராட்டுவது, நமக்குக் கோபம் தலைக்கேறும்போது ஒரு நிமிடம் நின்று மூச்சு விட்டுவிட்டுப் பேசுவது, இப்படிக் கைக்கு எட்டும் விஷயங்கள். போன் பற்றியும் பேச்சு வரும். இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. நம் வீடுகளில் சோறு ஊட்டும்போதே போன் வந்துவிடுகிறது.

சட்டமும் சொல்லித்தரப்படும். 1995 சட்டத்தில் ஊனம் என்று ஏழு வகைதான் இருந்தது. 2016 சட்டத்தில் 21 வகை. எழுத்து மாறி மாறி எழுதுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்கிறோம். அந்தக் கற்றல் குறைபாடும் 21-இல் ஒன்று, தேர்வில் சலுகை கேட்கலாம். பாதுகாப்பு விஷயத்தில் கமிட்டிக்கு ஒரே விதி: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது, தலைவரே ஆனாலும் சரி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வைப்போம்.

சரி, இப்போது கொஞ்சம் மனம் நோகப் பேச வேண்டியிருக்கிறது. கோயில் கொடைக்கு வரி கேட்டால் ஒரு வீடும் பிந்துவதில்லை. திருவிழா வாணவேடிக்கைக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. நல்லதுதான், சாமிக்குச் செய்வதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் காரியம் என்று நோட்டைக் கொண்டு வந்தால் மட்டும் “அடுத்த மாசம் பார்ப்போம்” என்கிறோம். அடுத்த மாதம் முகாம் முடிந்திருக்கும். சென்ற மாதக் கூட்டத்தில் தொகை சொல்லிப் பெயர் எழுதியவர்களில் 23 பேர் இன்னும் தரவில்லை. பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம் என்று ஒரு கருத்து வந்தது. வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறோம். 25-ஆம் தேதி வரை தடுக்க முடியும்.

பணம் தருபவர்கள் வாசகசாலையில் மாலை 5 முதல் 8 வரை பொருளாளரிடம் தந்து ரசீது வாங்கிக்கொள்ளவும். ரசீது இல்லாமல் கமிட்டி பெயரில் யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம் உள்ளே போர்டில் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கு மே 31-க்குள் அதே போர்டில் வரும். அரிசி, தேங்காய், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை) தருபவர்கள் எந்த நாளுக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சக்கை (பலாப்பழம்) மட்டும் தயவுசெய்து ஆளுக்கு ஒன்று போதும். சென்ற ஆண்டு வந்த சக்கையில் பாதியை வெட்ட ஆளில்லாமல் மாட்டுக்குப் போட்டோம்.

இப்படிக்கு,
கோடை முகாம் கமிட்டி