டுலூத்தில் கோட்டை இப்போதே மூட்டை கட்டாதே

கண்ணு,

நீ அனுப்பிய வசந்தகால வெப்பநிலைக் கணிப்பு வரைபடம் வந்தது. வட மினசோட்டா முழுக்க ஆரஞ்சு வண்ணம், கீழே "இந்த வருஷம் வசந்தம் சீக்கிரமே வருதுப்பா, கனமான கோட்டெல்லாம் மூட்டை கட்டப் போறேன்" என்று நீ எழுதியிருந்தாய். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நீ பிறப்பதற்கு முன்னால் நாங்கள் அதே டுலூத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் குடித்தனம் நடத்தியவர்கள். இப்போதும் காலையில் எழுந்ததும் இங்கே வெயிலா மழையா என்று பார்ப்பதில்லை, டுலூத்தில் இன்றைக்கு என்ன என்றுதான் போனில் பார்க்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த ஊரில் எத்தனை டிகிரி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை முதலில் பார்.

முதலில் அந்த வரைபடம். மூன்று மாதத்துக்கான அந்தக் கணிப்பை அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் பருவநிலைக் கணிப்பு மையம் மாதாமாதம் வெளியிடும். 1991 முதல் 2020 வரையான முப்பது வருஷத்தை எடுத்துக்கொண்டு வெதுவெதுப்பானது, நடுத்தரம், குளிரானது என்று மூன்று பங்காகப் பிரித்திருப்பார்கள். எதுவும் சொல்ல முடியாத வருஷத்தில் மூன்றுக்கும் ஆளுக்கு 33 சதவீதம். உன் படத்தில் இருந்த வெளிர் ஆரஞ்சுக்கு வெதுவெதுப்பாக இருக்க 33 முதல் 40 சதவீத வாய்ப்பு என்று பொருள், ஓரத்தில் போட்டிருக்கும் பார். அதாவது தராசு ஒரு மயிரிழை வெப்பத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் மூன்று மாதச் சராசரி. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உன் கார் பனியில் புதையுமா புதையாதா என்பதைப் பற்றி அந்த வண்ணம் வாயே திறக்காது. அதைச் செய்தியில் "சூடான வசந்தம்" என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். நான் அந்தக் கணிப்பைக் குறை சொல்லவில்லை, அது சொல்லாததை நாம் படித்துக்கொள்கிறோம் என்கிறேன்.

சரி, ஏரிக்கு வருகிறேன். சுப்பீரியர் ஏரியின் சராசரி ஆழம் 480 அடிக்கு மேல், மிக ஆழமான இடத்தில் 1,300 அடியையும் தாண்டும். அத்தனை தண்ணீரும் குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது. தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம், 39 டிகிரி பாரன்ஹீட்டில்தான் (செல்சியஸில் 4) அது மிகவும் கனமாக இருக்கும். ஏப்ரலில் மேல்தண்ணீர் 34, 35 என்று இருக்கும்போது வெயில் பட்டுக் கொஞ்சம் சூடானால் அது கனம் கூடிக் கீழே இறங்கிவிடும், கீழேயிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து நிற்கும். மறுபடி வெயில், மறுபடி இறக்கம். இப்படி மேலும் கீழும் கலந்து கலந்து மொத்த ஆழமும் 39-ஐ ஒட்டி வந்த பிறகுதான் மேற்பரப்பில் சூடு தங்கவே ஆரம்பிக்கும். கரையோரத்தில் இது சீக்கிரம் நடக்கும், நடு ஏரியில் ஜூன் கடைசி, ஜூலை என்று ஆகிவிடும். ஆக நீ மே மாதத்தில் ஜன்னல் வழியாகப் பார்க்கும் அந்த நீலம், பார்க்கத்தான் கோடை. அதன் மேல் தவழ்ந்து வரும் காற்று 40 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அந்தக் காற்றுக்கு வாகாக அமைந்த ஊர் வேறு! ஏரியின் நீளம் 350 மைல், அதன் மேற்கு நுனியில், இரண்டு கரையும் குறுகி வந்து சேரும் மூலையில் டுலூத் உட்கார்ந்திருக்கிறது. வசந்தத்தில் ஹட்சன் விரிகுடாப் பக்கம் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்துகொண்டால் வடகிழக்குக் காற்று ஏரியின் முழு நீளத்தையும் தடவிக்கொண்டு நேராக உங்கள் வாசலுக்கு வரும். சில சமயம் ஒரு வாரம் வரைகூட விடாமல் அடிக்கும். மூடுபனி, தூறல், 38 டிகிரி. உடைந்த ஐஸையும் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் மூலையில்தான் குவிக்கும். 2014-ல் சுப்பீரியரோடு சேர்ந்த ஐந்து பேரேரிகளும் சேர்த்து 92 சதவீதம் உறைந்தன, சுப்பீரியரில் ஜூன் மாதம் பிறந்த பிறகும் ஐஸ் மிதந்தது. எல்லா வருஷமும் அப்படி இல்லை. 2024-ல் உறைந்ததே மிகக் குறைவு.

காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வந்தால் கதையே வேறு. ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையிலிருந்து இறங்கும்போது இன்னும் சூடாகி வரும், ஏப்ரலில் 70 டிகிரி காட்டும், ஜனங்கள் அரைக்கால் சட்டையோடு ஏரிக்கரையில் உள்ள கெனால் பார்க்கில் ஐஸ்கிரீம் சாப்பிட வரிசையில் நிற்பார்கள். அப்போது காற்று திரும்பினால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இருபது டிகிரி இறங்கிவிடும். இதற்குப் பெரிய புயல் எதுவும் வர வேண்டியதில்லை. அமைதியான, நல்ல வெயிலடிக்கும் நாளிலேயே நடக்கும்: காலையில் நிலம் சூடாகும், அங்கே காற்று மேலே எழும், அந்த இடத்தை நிரப்ப மதியவாக்கில் ஏரியிலிருந்து குளிர்காற்று உள்ளே நுழையும். வெளிவேலை ஏதாவது இருந்தால் காலையிலேயே முடித்துக்கொள். அந்த ஊர்க்காரர்கள் எந்தக் கணிப்பைச் சொன்னாலும் "கூலர் பை த லேக்", அதாவது ஏரிப்பக்கம் இன்னும் குளிர், என்று கடைசியில் ஒட்டிவிடுவது இதனால்தான். உன் அம்மா முதல் வருஷம் அதைக் கேட்டு, இவர்கள் வேறு எதுவும் பேசமாட்டார்களா என்று அலுத்துக்கொண்டாள்!

உன் போன் காட்டும் எண்ணில் இன்னொரு சிக்கல். டுலூத்தின் அதிகாரபூர்வ வெப்பநிலை விமான நிலையத்தில் எடுப்பது, அது ஏரி மட்டத்திலிருந்து 800 அடிக்கு மேலே, மலைமேல், ஏரியைவிட்டுத் தள்ளி இருக்கிறது. நீ குடியிருப்பது பார்க் பாயின்டில், இருபுறமும் தண்ணீர் உள்ள மணல்திட்டில். ஒரே நேரத்தில் அங்கே 68, உன் வாசலில் 42 என்பது மே மாதத்தில் சாதாரணம். அதனால் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடாதே. தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் வரைபடம் இருக்கிறது, அதில் உன் வீடு இருக்கும் இடத்தைச் சரியாகத் தொட்டால் அந்த இடத்துக்கான கணிப்பு வரும். டுலூத் அலுவலகக்காரர்கள் தினமும் நீளமாக ஒரு குறிப்பும் எழுதுகிறார்கள், எங்கே சந்தேகம், எந்தக் கணினிக் கணிப்பு எதைச் சொல்கிறது, ஏரிக்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று. சின்னச் சின்ன வெயில், மேகப் படங்களைவிட அது ஆயிரம் மடங்கு உபயோகம். எனக்கு அதைப் படிப்பது பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது, அம்மா சிரிக்கிறாள்.

பனி முடிந்துவிட்டது என்று நினைக்காதே. டுலூத்தில் பதிவேட்டிலேயே அதிகப் பனி கொட்டிய மாதம் ஜனவரி இல்லை, டிசம்பர் இல்லை, 2013 ஏப்ரல்! 50.8 அங்குலம். மே மாதத்திலும் விழும். பனி அள்ளும் மண்வெட்டியைப் பின்கட்டில் கொண்டுபோய்ப் போடாமல் கதவுப் பக்கமே வை. தக்காளி நாற்று வாங்கி வைத்திருக்கிறேன் என்றாயே, ஜூன் முதல் வாரம் வரை ஜன்னலோரத்திலேயே இருக்கட்டும்.

கயாக் என்ற அந்தச் சின்னத் துடுப்புப் படகு விஷயத்தில் மட்டும் நான் அப்பாவாகக் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன். வெளியே 70 டிகிரி என்றாலும் தண்ணீர் 39 தான். அதில் திடீரென்று விழுந்தால் முதல் நிமிஷத்திலேயே மூச்சு கட்டுப்படாமல் திணறும், கொஞ்ச நேரத்தில் கைகால் சொன்னபடி கேட்காது, நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே கதிதான். லைஃப் ஜாக்கெட்டும் குளிர்நீருக்கான உடையும் இல்லாமல் இறங்கவே இறங்காதே, ஏரிக்கென்று தனியாக வரும் அலைக் கணிப்பைப் பார்க்காமலும் இறங்காதே. மார்ச், ஏப்ரலில் கரையோர ஐஸ் மேல் நடக்கக் கூப்பிட்டால் போகாதே. மேற்குக் காற்று அடித்தால் ஐஸ் பாளம் அப்படியே கரையைவிட்டுப் பிரிந்து ஆளோடு போய்விடும், மீன் பிடிக்கப் போனவர்களை மீட்டுக்கொண்டு வந்த சம்பவங்கள் உண்டு.

உன்னைப் பயமுறுத்தி வீட்டில் அடைத்து வைப்பது என் நோக்கமில்லை. ஏப்ரல் கடைசியில் பனி உருகும்போது 61-ஆம் சாலையில் கூஸ்பெரி நீர்வீழ்ச்சி வரை ஒருமுறை ஓட்டிக்கொண்டு போய்வா. வருஷத்தில் அந்த ஓரிரு வாரம்தான் அந்தப் பக்கத்து ஆறுகள் முழு வேகத்தில் விழும், தேநீர் நிறத்தில். பாதையெல்லாம் சேறு, பழைய ஷூ போட்டுக்கொள். காரில் அந்தக் கனமான கோட்டு கிடக்கட்டும்.

அப்புறம், அம்மா மே மாதமே வரவேண்டும் என்கிறாள், விமானக் கட்டணம் குறைவாம். நீ ஜூலை முதல் வாரத்துக்கு டிக்கெட் பார். உனக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று இந்த வாரமே கேட்டுச் சொல், விலை ஏறுவதற்குள் போட்டுவிடலாம்.

அப்பா