நார்வே பிரிந்ததும் கீழூர் வாக்கெடுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 1 விடுதலை நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த சிறப்புக் கட்டுரை, போரின்றி ஆட்சி கைமாறியதற்குப் புதுச்சேரியோடு நார்வேயையும் எடுத்துக்காட்டியது பொருத்தமே. ஆனால், 1905-இல் ஸ்வீடன் மன்னர் பெருந்தன்மையோடு நார்வேயை விட்டுக்கொடுத்தார் என்று ஒரே வரியில் முடித்திருப்பது வரலாற்றுக்கு ஒவ்வாதது. அதுவரை ஒரே மன்னரின்கீழ் இணைந்திருந்த இரு நாடுகளின் அந்தப் பிரிவை நடத்திக்காட்டிய கிறிஸ்டியன் மிக்கெல்சனின் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை.

1857-இல் பெர்கன் நகரில் பிறந்த மிக்கெல்சன், வழக்கறிஞராகத் தொடங்கிக் கப்பல் தொழிலில் பொருளீட்டி, நகர மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நிதியமைச்சராகவும் இருந்து, 1905 மார்ச்சில் நார்வேயின் பிரதமரானார். நார்வேயின் கப்பல்கள் உலகெங்கும் சென்றுவந்த காலத்தில், அயல் துறைமுகங்களில் அவற்றைக் கவனித்துக்கொள்ள வேண்டிய துணைத் தூதரகங்கள் இரு நாடுகளுக்கும் பொதுவாக, ஸ்வீடனின் வெளியுறவுத் துறையின்கீழ் இருந்தன. பூசல் இதில்தான் முற்றியது. கப்பல் முதலாளியான அவருக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நார்வேக்கெனத் தனித் துணைத் தூதரகங்களை அமைக்கும் சட்டத்துக்கு மன்னர் ஆஸ்கார் மே 27 அன்று ஒப்புதல் மறுத்தார். அமைச்சர்கள் பதவி விலகியபோது, வேறு அரசை அமைக்க இயலாத நிலையில் விலகலை ஏற்க முடியாது என்றார். மிக்கெல்சன் பிடித்துக்கொண்டது இந்தச் சொல்லைத்தான். அரசை அமைத்துத் தருவது மன்னரின் கடமை. இயலாது என்று அவரே சொல்லிவிட்டார். எனவே அரச அதிகாரம் செயலற்றுப்போனது, ஒரே மன்னரின்கீழ் இருந்த இணைப்பும் அதனுடன் அற்றுப்போனது என்று ஜூன் 7 அன்று நார்வே நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தையே சான்றாக வைத்து வழக்கை முடிப்பதை நீதிமன்றத்தில் பார்த்துப் பழகிய எனக்கு, இது வியப்பைவிட மதிப்பையே தருகிறது.

பெருந்தன்மை என்பதும் முழு உண்மையன்று. இரு தரப்பும் படைகளைத் திரட்டியிருந்தன. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் நடந்த பேச்சுவார்த்தையில், தன் எல்லைக் கோட்டைகளை இடிக்க நார்வே ஒப்புக்கொண்ட பிறகே ஸ்வீடன் அதன் பிரிவை ஏற்றது. ஆகஸ்ட் 13 வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 பேரும் எதிராக வெறும் 184 பேரும் வாக்களித்தனர். வாக்குரிமை இல்லாத பெண்கள் இரண்டு லட்சத்துக்கும் மேலான கையெழுத்துகளைத் திரட்டித் தம் ஆதரவைத் தெரிவித்தனர்.

ஆனால், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் எதிர்காலத்தை முடிவுசெய்ய, அங்குள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள் மட்டுமே. அவர்களில் 170 பேர் இந்தியாவுடனான இணைப்பை ஆதரித்தனர். பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் இசைவு தந்து, சட்டப்படியான மாற்றம் நடக்க 1962 ஆகஸ்ட் 16 வரை நாம் காத்திருந்தோம். இரண்டையும் ஒப்பிடும் கட்டுரை, இந்த வேறுபாட்டையும் சொல்லியிருக்க வேண்டும்.

மிக்கெல்சனைக் குறையற்றவராகக் காட்ட வேண்டும் என்பதன்று என் கருத்து. 1925-இல், மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, தொழிலாளர் இயக்கத்தை எதிர்த்த தேசபக்தி அமைப்பொன்றின் தொடக்கத்தில் அவர் முன்நின்றார். மறுபுறம், அவர் விட்டுச்சென்ற சொத்தில் பெர்கனில் 1930-இல் உருவான ஆய்வு நிறுவனம், இலங்கையில் நார்வே மேற்கொண்ட அமைதி முயற்சியை மதிப்பிட்டு 2011-இல் வெளிவந்த அறிக்கையைத் தயாரித்ததில் பங்கேற்றது என்பதும் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டியதே.

கட்டுரையை மறுபதிப்புச் செய்யும்போது இவற்றையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.